பெயரிலேயே 'தற்காலிக' என்று இருந்த காப்பகம்

வணக்கம் நண்பர்களே. எங்கள் நாய், பூனை காப்பகத்தின் பின்பக்கத்தில் நிற்கிறேன். சாப்பாட்டு நேரம், அதனால்தான் இவ்வளவு குரைப்புச் சத்தம்.

இங்கே முதல் தடவை வருபவர்கள் அநேகமாகக் கேட்பது, "எல்லாவற்றையும் கடைசிவரை நீங்களே வைத்துக்கொள்வீர்களா?" என்றுதான். அதற்கு நான் சொல்வது மேரி டீல்பியின் கதை. 1860இல் லண்டன் ஹாலோவே பகுதியில் அந்த அம்மா ஓர் இல்லம் ஆரம்பித்தார். 'தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்று பெயர். மனிதர்களே பட்டினி கிடக்கும்போது நாய்க்கு வீடா என்று பத்திரிகையில் கேலி செய்தார்கள். 1865இல் அவர் இறந்த பிறகும் இல்லம் நின்றுபோகவில்லை. 1871இல் லண்டனிலேயே பேட்டர்சீ பகுதிக்கு மாறி, 1883இல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டு, இன்றுவரை நடக்கிறது. எனக்கு அந்தப் பெயரில் இருக்கும் 'தற்காலிக'தான் ரொம்பப் பிடிக்கும். ஒரு நாய் இங்கிருந்து நல்ல வீட்டுக்குப் போனால்தான் அடுத்த நாய்க்குக் கூண்டு காலியாகும்.

சரி, இந்த வரிசையைப் பாருங்கள். புதிதாக வரும் நாய்களை இரண்டு வாரம் இங்கே தனியாக வைக்கிறோம். காரணம் பார்வோ என்ற வைரஸ் நோய். தொற்றிய நாய் பார்க்க நன்றாகவே இருக்கும், சில நாள் கழித்துத்தான் வாந்தியும் ரத்தப்பேதியும் ஆரம்பிக்கும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச் வேண்டும். குட்டிகள் என்றால் தாங்குவதே கஷ்டம். ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இழந்திருக்கிறேன். அதிலிருந்து செருப்பை மாற்றாமல் இந்தக் கதவைத் தாண்டுவதில்லை.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை எல்லாம் வரிசையாக நடக்கும். ஆனால் நாள் பிடிப்பது பயம் தெளிவதற்குத்தான். கடைசிக் கூண்டில் இருப்பவள் வந்து நான்கு நாள். முகம் சுவரைப் பார்த்தே இருக்கும், ஆள் இருந்தால் கிண்ணத்தைத் தொடமாட்டாள். நான் பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். பேசுவதுகூட இல்லை.

அப்புறம், கண் திறக்காத பூனைக்குட்டிகள் வந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும், ராத்திரியிலும். கொஞ்ச வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் சொல்லுங்கள், எப்படிக் கொடுப்பது என்று நானே காட்டித் தருகிறேன்.

ஒரு நிமிடம். சத்தம் கேட்கிறதா? கிண்ணம் நகருகிற சத்தம். நான் இங்கே இருக்கும்போதே சாப்பிடுகிறாள். கேமராவைத் திருப்பமாட்டேன், அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்.