ஃப்ளாப் நோயாளிக்கு ரத்தம் ஏற்றும் முன்

இரவுப் பணியில் ஃப்ளாப் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

வாய்ப்புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையை வெட்டி எடுத்த இடத்தில், காலின் ஃபிபுலா எலும்பைத் தோலோடும் ரத்தக்குழாயோடும் சேர்த்து எடுத்துப் பொருத்துகிறோம். இப்படி இடம் மாற்றிய திசுதான் ஃப்ளாப். அந்த எலும்புக்கு உயிர் தருவது ஒரு தமனியும் ஒன்றிரண்டு சிரைகளும்தான். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள், மைக்ரோஸ்கோப்பின் கீழ் 9-0 என்ற மிக மெல்லிய நைலான் இழையில் போட்ட தையல். முதல் 72 மணி நேரம் அதற்குக் கண்டம்.

மறுநாள் காலை ஹீமோகுளோபின் 8.2 (100 மில்லி ரத்தத்தில் இத்தனை கிராம்) என்று வருகிறது. "சார், ரெண்டு யூனிட் ஏத்திடலாமா?" என்று உடனே கேட்பீர்கள். ரத்தக்கசிவு இல்லை, பி.பி. நிலையாக இருக்கிறது, சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் குறையவில்லை, இதய நோயும் இல்லை என்றால் ஏற்ற வேண்டாம். 7-க்குக் கீழே போனால் ஏற்றலாம். இதய நோயாளிக்கு 8. அதுவும் ஒரே ஒரு யூனிட். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு கிராம் கூட்டும். மறுபடி சோதித்த பிறகுதான் அடுத்தது.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? சிவப்பணு கூடக் கூட ரத்தம் கெட்டிப்படும், சிறிய குழாயில் ஓட்டம் மந்தமாகும். ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 30 சதவீதத்தை ஒட்டியிருந்தால் நன்றாகவே ஓடும். வங்கியில் 42 நாள் வரை வைத்திருக்கும் அணுக்களோ வளையும் தன்மையை இழந்துகொண்டே வருகின்றன. பையில் உடைந்து வெளிவந்த ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிக் குழாயைச் சுருக்கும். ஆனால் நோயாளி உண்மையிலேயே ரத்தம் இழந்து பி.பி. சரிந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். வேகமாக ஏற்றும் ரத்தத்தை, அதைச் சூடாக்கும் வார்மர் வழியாக விடுங்கள். உடல் குளிர்ந்தாலும் குழாய் சுருங்கும்.

ஃப்ளாப் ஊதா நிறமாகி, வீங்கி, அழுத்தி எடுத்தவுடன் நிறம் சட்டென்று திரும்புகிறதா? ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வேகமாக வருகிறதா? சிரை அடைத்துவிட்டது. வெளுத்து, குளிர்ந்து, குத்தியும் ரத்தம் வராவிட்டால் தமனி. பெரும்பாலும் சிரைதான் முதலில் அடைக்கும். காரணம் ரத்தத்தின் குணத்தில் இருப்பது குறைவு. சிரை முறுக்கிக்கொண்டிருக்கும், மடங்கியிருக்கும், அல்லது கழுத்தில் தேங்கிய ரத்தக்கட்டி அதை நசுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் கூட்டிப் பார்க்கலாம் என்று ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குப் போங்கள். தாமதித்தால் ஃப்ளாப்பின் நுண்குழாய்களே அடைபடும். பிறகு இணைப்பைச் சரிசெய்தாலும் ரத்தம் உள்ளே போகாது.

தினமும் போடும் எனாக்ஸாபரின் (ஹெப்பாரின் வகை ஊசி) 40 மில்லிகிராம் முதன்மையாகக் கால் சிரைகளில் கட்டி வராமலிருக்க. அதைக் கூட்டினால் கழுத்தில் ரத்தம் கட்டி, காப்பாற்ற நினைத்த சிரையையே நசுக்கிவிடும். ஹெப்பாரின் தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் பிளேட்லெட் பாதியாகக் குறைந்தால் இன்னும் எச்சரிக்கை: அது உறைவை உண்டாக்கும் எதிர்வினையாக இருக்கலாம். எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றாதீர்கள். எல்லா ஹெப்பாரினையும், சிரையில் போட்ட குழாயை (லைன்) கழுவும் ஹெப்பாரினையும்கூட, நிறுத்திவிட்டு மாற்று மருந்துக்கு ரத்தவியல் மருத்துவரை அழையுங்கள்.

சிரையைச் சரிசெய்யவே முடியாதபோது, தேங்கிய ரத்தத்தை உறிஞ்ச அட்டைப்பூச்சி விடுவோம். அட்டை விழுந்த பிறகும் கடிவாய் மணிக்கணக்கில் கசியும்; நாள் கணக்கில் தொடர்ந்தால் ஹீமோகுளோபின் இறங்கும். அங்கே ரத்தம் ஏற்றுவதும் சிகிச்சையின் பகுதி. கிராஸ் மேட்ச் செய்த (நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று சோதித்த) யூனிட் தயாராக இருக்கட்டும். அட்டையின் குடலிலுள்ள ஏரோமோனாஸ் கிருமிக்கான ஆன்டிபயாட்டிக்கை முதல் அட்டை விடும் முன்பே தொடங்குங்கள்.