சுற்றிலும் சுவிட்சர்லாந்து, நடுவில் ஒரு ஜெர்மன் கிராமம்

நேயர்களுக்கு வணக்கம். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஊர் என்றால் ஒரு பின்கோடு, அதுதான் எங்கள் தொழிலுக்கே அஸ்திவாரம். அப்படிப்பட்ட எனக்கு, ஒரே கிராமத்துக்கு இரண்டு நாடுகளின் பின்கோடு உண்டு என்று தெரிந்தால் தூக்கம் வருமா? அன்றிலிருந்து அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊரின் பெயர் பியூசிங்கன். ஜெர்மன் தபாலில் 78266, சுவிஸ் தபாலில் 8238. எதைப் போட்டாலும் கடிதம் போய்ச் சேரும்.

ஊர் எங்கே இருக்கிறது? கொன்ஸ்டான்ஸ் ஏரியை விட்டு வெளியே வரும் ரைன் நதி, மேற்கே ஓடி ஷாஃப்ஹவுசன் என்ற சுவிஸ் நகரத்தைத் தொடுகிறது. அதற்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே, வடகரையில், வயலும் தோட்டமுமாக இந்தக் கிராமம். பரப்பு 7.62 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறக்குறைய 1,500. வடக்கே நடந்தால் சுவிட்சர்லாந்து. கிழக்கே, மேற்கே, அங்கேயும் அதுதான். ஆற்றைக் கடந்து தெற்கே போனாலும் சுவிட்சர்லாந்து. ஆனால் ஊர் ஜெர்மனிக்குச் சொந்தம்! மிச்ச ஜெர்மனி, மிக நெருங்கிய இடத்தில்கூட 700 மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த 700 மீட்டர் அடுத்த நாட்டு மண்.

மலை குறுக்கே வந்ததா, ஆறு திசை மாறியதா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. பங்காளிச் சண்டை! ஆமாம் நேயர்களே, நம் ஊரில் வரப்புக்கும் கிணற்றுக்கும் நடக்கிறதே, அதே பங்காளிச் சண்டைதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை.

17-ஆம் நூற்றாண்டு. ஊர் ஆஸ்திரிய அரசகுலத்தின் மேலாட்சியில் இருக்கிறது. உள்ளூர் ஜமீன்தார் என்று சொல்லத்தக்கவர் எபர்ஹார்ட் இம் தூர்ன். அவருடைய குடும்பம் ஷாஃப்ஹவுசன் நகரத்துப் பெரிய குடும்பம். நகரமோ தீவிரமான புராட்டஸ்டண்ட் நகரம். ஆஸ்திரியா கத்தோலிக்க அரசு. இவர் கத்தோலிக்கர் பக்கம் சாய்கிறார் என்று சொந்தக்காரர்களுக்குச் சந்தேகம். ஏற்கெனவே குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வேறு. 1693-இல் அந்தச் சொந்தக்காரர்களே ஆளைக் கடத்திக்கொண்டு போய் ஷாஃப்ஹவுசனில் ஒப்படைத்துவிட்டார்கள். நகரம் ஆயுள் சிறை என்று தீர்ப்பு எழுதியது.

ஆஸ்திரியாவுக்கு வந்ததே கோபம். என் ஆட்சிக்கு உட்பட்டவனைத் தூக்கிப்போக நீ யார்? வருஷக்கணக்கில் நெருக்கினார்கள். 1699-இல்தான் அந்த மனிதர் வெளியே வந்தார். ஆள் வெளியே வந்துவிட்டார், கோபம் போகவில்லை. அக்கம்பக்கத்தில் ராம்சன், டோர்ஃப்லிங்கன் என்று இரண்டு ஊர்களில் ஆஸ்திரியாவுக்கு உரிமை இருந்தது. 1770-இல் அவற்றை சூரிச் நகரத்துக்கு விற்றார்கள். பியூசிங்கனை மட்டும் விற்கவில்லை. ஷாஃப்ஹவுசன்காரனுக்கு என்றைக்கும் கண்ணில் விழுந்த துரும்பாக இருக்கட்டும் என்றுதான். ஆள் கடத்தி முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் இந்த வீம்பு! அப்புறம் 1805-இல் ஊர் வூர்ட்டம்பெர்க் என்ற ஜெர்மன் அரசின் கைக்குப் போனது, 1810-இல் பாடன் என்ற இன்னொரு ஜெர்மன் அரசின் கைக்கு. பாடன் பிறகு ஜெர்மனியில் சேர்ந்தது. ஊர் நகரவில்லை, எஜமானர்கள்தான் மாறினார்கள்.

ஊர்க்காரர்களைக் கேட்டார்களா? முதல் உலகப் போர் முடிந்த கையோடு வாக்கெடுப்பு நடந்தது. 96 சதவீதம் பேர் சுவிட்சர்லாந்தோடு சேர்கிறோம் என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! ஆனாலும் நடக்கவில்லை. பதிலுக்குக் கொடுக்கத் தோதான நிலம் சுவிட்சர்லாந்திடம் இல்லை, சும்மா விட்டுக்கொடுக்க ஜெர்மனிக்கு மனமில்லை.

இரண்டாம் உலகப் போரில் இன்னும் விசித்திரம். விடுப்பில் வீட்டுக்கு வரும் ஜெர்மன் சிப்பாய், கைலிங்கன் எல்லைச் சாவடியில் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். சாவடியில் ஒரு நீண்ட மேலங்கி கொடுப்பார்கள். ராணுவ உடுப்பு தெரியாமல் அதைப் போர்த்திக்கொண்டு, நடுநிலை நாட்டு கிராமமான டோர்ஃப்லிங்கன் வழியாக ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்து அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும். எனக்கு இந்த மேலங்கிதான் மறக்கவே மாட்டேன் என்கிறது.

1964-இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, 1967-இல் அது அமலுக்கு வந்தது. வெரேனாஹோஃப் என்று மூன்றே வீடுகள் கொண்ட இன்னொரு துண்டு நிலம் இதேபோல மாட்டிக்கொண்டிருந்தது, அதை சுவிட்சர்லாந்திடம் கொடுத்துவிட்டார்கள். பியூசிங்கன் ஜெர்மனியாகவே இருந்தது, சுங்கம் மட்டும் சுவிஸ் சுங்கம். கடையில் புழங்குவது பெரும்பாலும் பிராங்க். வண்டிக்குத் தனி எழுத்து, நம்பர் பிளேட்டில் ‘பியூஸ்’ என்று வரும், அதைப் பார்த்ததுமே சுங்கக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். போலீசுக்கும் கணக்கு உண்டு, ஊருக்குள் ஒரே நேரத்தில் பத்து சுவிஸ் போலீசுக்கு மேல் இருக்கக்கூடாது. ஜெர்மன் போலீசுக்கு நூறு பேருக்கு மூன்று என்று வரம்பு.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. விலைவாசி சுவிட்சர்லாந்து மாதிரி, வருமான வரி மட்டும் ஜெர்மனிக்கு, அது சுவிஸ் வரியைவிட அதிகம். அதனால் சம்பாதிக்கிற வயதுக்காரர்கள் பக்கத்து சுவிஸ் ஊர்களுக்குக் குடிபோகிறார்கள். பென்ஷன்காரர்கள் இங்கே வருகிறார்கள். சுங்கத்துக்கு வழி கண்டவர்கள் வருமான வரியையும் அப்போதே பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. குன்றின் மேல் இருக்கும் மைக்கேல் தேவாலயத்தைப் பற்றிப் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. கடிகார விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1980-இல் மேற்கு ஜெர்மனி கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. சுவிட்சர்லாந்து அந்த வருஷம் தள்ளவில்லை. பியூசிங்கன் சுவிஸ் நேரத்தையே வைத்துக்கொண்டது. அந்தக் கோடை முழுக்க சொந்த நாட்டைவிட ஒரு மணி நேரம் பின்னால்! அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்தும் மாற்றிக்கொண்டது. ஊர்க் கால்பந்து அணி ஆடுவதும் சுவிஸ் போட்டித் தொடரில்தான். அதைச் சொல்ல இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டால் தரமாட்டார்கள். நன்றி, வணக்கம்.