ஸ்டார் வார்ஸில் ஒலிக்கும் பக்கத்து வீட்டு மொழி

(திரை இருட்டு. ஒலி மட்டும்.)

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கீச்சுக் குரல். மூச்சு விடாத பேச்சு. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கிவிடுகிறார்.

(திரையில்: பாலைவனப் பாறை இடுக்கு. முக்காடு போட்ட குள்ள உருவங்கள், இருட்டில் மஞ்சளாக மின்னும் கண்கள்.)

இவர்கள்தான் ஜவாக்கள். 1977 மே மாதம் அமெரிக்காவில் வெளியான முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வருகிற பழைய இரும்பு வியாபாரிகள். பாலைவனத்தில் தனியாகத் திரியும் ரோபோக்களைப் பிடித்து விற்பதுதான் இவர்கள் பிழைப்பு.

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன், சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். இந்தச் சத்தத்தை ஆறேழு வயதில் வீடியோ கேசட்டில் முதன்முதலாகக் கேட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரிய எனக்கு முப்பது வருடம் ஆனது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதனால் அப்பா தலைமுறைக்குப் படம் என்றால் தியேட்டர். அதுவும் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய தியேட்டர். அப்பா அங்கே ஸ்டார் வார்ஸ் பார்த்துவிட்டு வந்து ஆயாவிடம், அதாவது என் பாட்டியிடம், கதை சொல்லியிருக்கிறார். கொடியவனால் அப்பாவை இழந்த ஒரு குழந்தையை, அந்த உண்மையை மறைத்து, தூரத்துப் பண்ணையில் சித்தப்பா சித்தி வளர்க்கிறார்கள் என்று தொடங்கியதுமே ஆயா சொன்னாராம்: "இது நம்ம கண்ணன் கதைடா. கம்சனுக்குத் தெரியாம கோகுலத்துல வளர்த்தாங்களே."

1980இல் அடுத்த படம் வந்தது. எதிரில் கத்தி பிடித்து நிற்பவன் சொந்த அப்பா என்று கதை திரும்பியது. ஆயா சின்ன வயதில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர். இங்கே அதைப் பல பேர் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வார்கள். களத்தில் நிற்கும் எதிரி தன் ரத்தம் என்று தெரியும்போது வருகிற வலியை அவர் கர்ணனிடம் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது: வெள்ளைக்காரன் நம்ம கதையை எடுத்துக்கொண்டான்.

அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. படத்தில் வரும் குள்ள குரு யோடா என்றால் யோத்தா, அதாவது சமஸ்கிருதத்தில் போர்வீரன். ராணி பத்மே என்றால் பத்மா. எல்லாம் நம்முடையது, மறைத்துவிட்டார்கள். உங்களுக்கும் வந்திருக்கும். நானும் பலருக்கு அனுப்பியவன்தான். ஒருநாள் உட்கார்ந்து இதில் எவ்வளவு உண்மை என்று தேட ஆரம்பித்தேன்.

யோடாவிலிருந்து தொடங்குவோம். சொல் ஒத்துப்போகிறது, சரி. ஆனால் ஜூலு மொழியில் ஒருவரிடம் 'எடு' என்று சொல்ல 'தாத்தா' என்பார்கள். நம் தாத்தா மாதிரியேதான் காதில் விழும். அதற்காக ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று சொல்லிவிட முடியுமா? அவருடைய முகத்துக்கு என்றால் தெளிவான வரலாறு இருக்கிறது. ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் தன் சொந்த முகத்தையும் ஐன்ஸ்டைனின் முகத்தையும் கலந்துதான் அந்தப் பொம்மையைச் செய்தார்.

அப்பா என்று தெரியவரும் அந்தக் கொடியவன், டார்த் வேடர், அவன் பெயரின் கதை இன்னும் சுவையானது. இந்த ஊரில் ஆப்பிரிக்கான்ஸ் மொழி படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், 'வேடர்' என்று எழுதினால் அது அப்பா. உச்சரிப்பு மட்டும் 'ஃபாடர்'. பெயரிலேயே ரகசியத்தை முதல் நாளிலிருந்து ஒளித்துவைத்திருந்தார்கள் என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. படத்தை உருவாக்கிய ஜார்ஜ் லூகஸும் பிற்காலத்தில் அந்த மாதிரிப் பேசியிருக்கிறார். ஆனால் எழுதிவைத்த காகிதங்கள் வேறு சொல்கின்றன. 1974 வரைவில் டார்த் வேடர் என்பது ஒரு சாதாரணத் தளபதியின் பெயர். இரண்டாவது படத்துக்கு லீ பிராக்கெட் 1978இல் எழுதிக் கொடுத்த முதல் திரைக்கதையில் நாயகனின் அப்பா ஆவியாக வந்து மகனோடு பேசுகிறார், வேடர் தனி ஆள். பிராக்கெட் அடுத்த மாதமே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு லூகஸ் உட்கார்ந்து திருத்தி எழுதியபோதுதான் இருவரும் ஒருவர் ஆனார்கள். படப்பிடிப்பில் கறுப்புக் கவசத்துக்குள் இருந்த டேவிட் பிரௌஸிடம்கூட உண்மை வசனத்தைக் கொடுக்கவில்லை. "உன் அப்பாவைக் கொன்றது ஓபி-வான்" (நாயகனின் குரு) என்றுதான் அவர் பேசினார். குரல் பின்னால் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் கொடுத்தது.

அந்தக் குரலுக்கு எங்கள் மாகாணத்தோடு ஓர் உறவு உண்டு. ஆலன் பேட்டனின் 'க்ரை, தி பிலவட் கன்ட்ரி' நாவல் 1995இல் தென்னாப்பிரிக்காவிலேயே படமானது, தயாரித்தவர் டர்பன்காரரான ஆனந்த் சிங். அதில் நடாலின் மலைக் கிராமத்திலிருந்து மகனைத் தேடி ஜோஹன்னஸ்பர்க் போகும் ஏழைப் பாதிரியாராக நடித்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். மகனின் கையை வெட்டிய அப்பாவின் குரலும், மகனைத் தூக்குக்குக் கொடுத்த அப்பாவின் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

ஜப்பான் பக்கம் பற்றி நிறைய வீடியோக்கள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அகிரா குரோசாவா 1958இல் எடுத்த படம் ஒன்றில் இரண்டு ஏழை விவசாயிகள் சண்டை போட்டுக்கொண்டே கதையை நகர்த்துவார்கள். அந்த இரண்டு பேர்தான் இங்கே இரண்டு ரோபோக்கள். வேடரின் தலைக்கவசத்தில் சாமுராய் கவசம் தெரிகிறது. இது எதையும் லூகஸ் மறைத்ததில்லை.

சரி, ஆயாவின் கண்ணன்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. ஜோசப் கேம்பல் என்ற அமெரிக்கர் 1949இல் உலகப் புராணங்களில் வரும் நாயகர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். லூகஸ் கதை எழுதத் திணறிய நாட்களில் அதைப் படித்து வழி கண்டுபிடித்தேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தக் கேம்பல், ஹைன்ரிக் ஜிம்மர் என்ற இந்தியவியல் அறிஞர் இறந்த பிறகு அவருடைய எழுத்துகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர். இந்தியப் புராணங்களில் ஊறியவர். அவர் புத்தகத்தைத் திறந்தால் முசுகுந்தன் கதை விரிவாக வருகிறது. ஆம், திருவாரூருக்குத் தியாகராசரைக் கொண்டுவந்தார் என்று நாம் கொண்டாடுகிற அதே முசுகுந்தச் சக்கரவர்த்திதான். தேவர்களுக்காகப் போரிட்டுக் களைத்துப் போய்க் குகையில் யுகக்கணக்காகத் தூங்கியவர், விழித்துப் பார்த்ததும் எதிரில் நின்ற பகைவன் எரிந்து போகிறான்.

அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் கதையை யாரும் திருடவில்லை. நம் கதையும் கிரேக்கக் கதையும் செவ்விந்தியர் கதையும் கலந்து ஓடிய ஆற்றில் ஒருவர் தண்ணீர் மொண்டார். ஆயா அந்தத் தண்ணீரில் தன் ஊர் ருசியைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி.

(இசை: சேர்ந்திசைக் குழுவின் முழக்கம், சில நொடிகள்.)

சமஸ்கிருதம் உண்மையாகவே வருகிற இடம் இதுதான். 1999 படத்தின் உச்சக்கட்ட வாள் சண்டைக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசை. வரிகள் நம்முடையவை அல்ல. மரங்களின் போர் என்ற பழைய வெல்ஷ் மொழிக் கவிதையிலிருந்து இரண்டு வரிகளை எடுத்து, சமஸ்கிருதத்தில் பெயர்க்கச் செய்தார். அதன் உயிரோசைகள் கூட்டமாகப் பாடும்போது நன்றாக ஒலிக்கும் என்பதுதான் காரணம். பிறகு அசைகளை இசைக்கு ஏற்றபடி கலைத்து அடுக்கிவிட்டார்கள். அதனால் சமஸ்கிருதம் தெரிந்தவர் கேட்டாலும் பொருள் கிடைக்காது.

பொருள் போய் ஓசை மட்டும் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்ட தேவாரத்தை, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல், கோயிலில் கண்ணீர் மல்கப் பாடி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நான் தமிழ் படித்ததே இருபது வயதுக்கு மேல்தான்.

இப்போது ஜவாக்களிடம் வருவோம்.

அந்தப் பாலைவனக் காட்சிகளை எடுத்தது துனிசியாவில். தத்தாவின் என்ற ஊர்தான் படத்தில் டாட்டூயின் என்ற கிரகமாகிப் பெயர் கொடுத்தது. நாயகனின் வீடாக வருவது மத்மாட்டா ஊரில் அமாசிக் (பெர்பர்) மக்கள் மண்ணுக்குள் குடைந்த வீடு. பாலைவனத்து மனிதர்கள் குளிருக்கும் மணலுக்கும் போர்த்திக்கொள்ளும் முக்காட்டு அங்கியின் சாயல்தான் ஜவாக்களின் உடையிலும் தெரிகிறது. பேச்சை உருவாக்கியவர் ஒலிக் கலைஞர் பென் பர்ட். அவர் இல்லாத மொழிகளை வெறும் கற்பனையில் செய்யமாட்டார், உயிருள்ள ஒரு மொழியின் ஓசையைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு வேற்றுக்கிரகவாசிக்கு ஆண்டிஸ் மலையின் கெச்சுவா. 1983 படத்தில் ஒரு விமான ஓட்டிக்கு கென்ய மாணவர் ஒருவர் பேசிய அசல் கிக்குயு. அதைக் கென்யாவில் பார்த்தவர்களுக்குப் புரிந்தது, மகிழ்ந்து போனார்கள்.

ஜவாக்களுக்கு அவர் எடுத்தது ஜூலு. அதன் ஒலிப்போக்கை அடித்தளமாக வைத்துச் சொற்களைக் கட்டி, பதிவின் வேகத்தைக் கூட்டிவிட்டார்.

ஆப்பிரிக்காவின் வடகோடி உடையும் தென்கோடிப் பேச்சும் சேர்ந்து ஒரு குள்ள வியாபாரி. நான் இதைப் படித்த இடம் டர்பன். ஜன்னலைத் திறந்தால், டாக்ஸி ரேங்க்கில் நின்றால், பாங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் வாங்கினால் காதில் விழுவது ஜூலு. அத்தனை வருடம் அந்தப் படத்தில் சமஸ்கிருதத்தைத் தேடிய என் காதில் ஜூலு விழவே இல்லை.

ஏன் விழவில்லை என்று யோசித்தேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்கள் கரும்புத் தோட்டங்களில் முதலில் கற்றது ஃபனகலோ, அதாவது ஜூலுவை உடைத்து முதலாளிகளின் சொற்களைக் கலந்த வேலைப் பேச்சு. பிறகு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்தபோது எங்களைச் சாட்ஸ்வொர்த்திலும் ஜூலு மக்களை அடுத்தே உள்ள உம்லாசியிலும் வைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஜூலு சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வோசா, வா. ஹம்பா, போ. தாத்தா, எடு. ஷேஷா, சீக்கிரம். அத்தனையும் ஏவல்.

(திரையில்: அதே ஜவா காட்சி, பாதி வேகத்தில்.)

என்னோடு வேலை செய்யும் ஒருவர் உம்லாசிக்காரர். மதிய இடைவேளையில் இந்தக் காட்சியை வேகம் குறைத்து அவரிடம் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டார். "சொல் எங்களுடையது இல்லை. ஆனால் பக்கத்து அறையில் என் அத்தைகள் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கிறது" என்றார். பிறகு நான் அந்தச் சேர்ந்திசையைப் போட்டேன். "இது உங்கள் கோயில் மொழியா? என்ன அர்த்தம்?" என்று கேட்டார். மரங்கள் போரிடும் வெல்ஷ் கவிதை, கலைத்து அடுக்கிய அசைகள் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அன்று அவரிடம், ஏவல் இல்லாத ஒரு சொல் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். ங்கியாகுஸ்வா என்றார். நீ சொல்வது என் காதில் விழுகிறது என்று பொருள். உணர்கிறேன் என்பதற்கும் அதே வினைதானாம். என் உச்சரிப்பை நான்கு முறை திருத்தினார்.

(ஒலி: ஜவாக்களின் பேச்சு, பாதி வேகத்தில். திரை இருட்டு.)