மாயாவியின் கை, லக்கி லூக்கின் நிழல்

நேயர்களுக்கு வணக்கம்.

படக்கதை புதுச்சேரிக்கு இரண்டு வழியாக வந்தது. ஒன்று சிவகாசி வழி. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது. இன்னொன்று பிரெஞ்சு வழி. விடுமுறைக்குப் பாரிசிலிருந்து சொல்தா வீடுகளுக்கு, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் வீடுகளுக்கு, வரும் பிள்ளைகள் கெட்டி அட்டைப் படக்கதை ஆல்பங்களை விட்டுவிட்டுப் போவார்கள். அவை கொஞ்ச காலத்தில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய சட்டைகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவில் வந்து உட்காரும்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பாண்டிச்சேரிக்காரன் என்றாலே பிரெஞ்சில் கனவு காண்பான் என்று வெளியூரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை. எனவே அந்த ஆல்பங்களில் படம் மட்டும்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. தமிழில் நாம் கேப்டன் டைகர் என்று படித்த புளூபெரி என்ற சாகசக் கதையைப் பிரெஞ்சில் புரட்டினால் சில பக்கங்களிலேயே களைத்துவிடும். யாரை யார் துரத்துகிறார்கள், எதற்கு என்று பிடிபடாது. லக்கி லூக் என்ற கௌபாயின் நகைச்சுவைக் கதை அப்படியில்லை. ஒரு சொல்லும் புரியாமலே கடைசிப் பக்கம்வரை சிரிக்கலாம்.

காரணம், சாகசக் கதையில் ‘அடுத்து என்ன?’ என்ற கேள்விதான் நம்மைப் பிடித்து இழுக்கிறது. அந்தக் கேள்வியை எழுப்ப வசனம் வேண்டும். நகைச்சுவைக் கதையில் சிரிப்பு படத்துக்குள்ளேயே இருக்கிறது.

லக்கி லூக்கை 1946-இல் உருவாக்கியவர் மோரிஸ் என்ற பெல்ஜியக்காரர். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன் அவன். ஒரு கட்டத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். தெருவில் இருவர் துப்பாக்கிச் சண்டைக்குத் தயாராக எதிரெதிரே நிற்கிறார்கள். ஓரத்தில் கறுப்புக் கோட்டு போட்ட சவப்பெட்டிக்காரர் அளவு நாடாவோடு வந்துவிட்டார், இன்னும் யாரும் சாகவில்லை. கூரைமேல் பிணந்தின்னிக் கழுகுகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. கதைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. வேகமாகப் பக்கம் புரட்டுகிறவர் கண்ணில் படாமலே போய்விடும். லக்கி லூக்கை இரண்டாம் தரம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஓரத்து ஆட்களுக்காகத்தான் எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

லக்கி லூக் துரத்தும் கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்களும் அப்படித்தான். நால்வரும் படிக்கட்டு மாதிரி வரிசையாக நிற்பார்கள். குள்ளன் ஜோவுக்குத்தான் கோபம் அதிகம். நெட்டையன் ஆவெரெலுக்குப் பசி அதிகம், மூளை குறைவு. நிஜ டால்டன்கள் 1892-இல் கான்சாஸ் மாநிலத்துக் காஃபிவில் ஊரில் ஒரே நாளில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போய், பெரும்பாலும் அங்கேயே செத்தவர்கள். மோரிஸும் தன் கதையில் அவர்களைக் கொன்றுவிட்டார். ஆனால் வாசகர்களுக்கு அவர்கள் பிடித்துப்போனதால், ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லி வேறு நால்வரைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நமக்குத் தெரிந்த டால்டன்கள் அந்தப் பங்காளிகள்தான்.

இதைச் சொல்வதால் மாயாவியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். இதில் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவுக்கு இருந்த சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் பாதி நேரம் கண்ணுக்கே தெரியமாட்டான். முகத்தில் பயமோ கோபமோ காட்ட முடியாது. எல்லாவற்றையும் ஐந்து விரல்களில் காட்டியாக வேண்டும். அந்த விரல்கள் சுவரைத் தடவும், கதவுக் கைப்பிடியைப் பற்றும், எதிராளியின் கழுத்தருகே தயங்கி நிற்கும். சுற்றிலும் கறுப்பு மை, நடுவில் அந்தக் கை. இதற்கு வண்ணம் அடித்தால் பாதி பயம் போய்விடும் என்றே நினைக்கிறேன்.

லக்கி லூக் இதற்கு நேர் எதிர். மோரிஸ் ஒரு கூட்டம் முழுவதையும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒரே நிறத்தில் அடித்துவிட்டு, முன்னால் நிற்கிறவனை மட்டும் பளிச்சென்று காட்டுவார். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டபோது நமக்கு அது கிடைக்கவில்லை. இப்போது தமிழிலேயே வண்ணத்தில், நல்ல தாளில் வருகிறது. விலை கூடத்தான், ஆனால் இதற்குக் கொடுக்கலாம்.

அப்புறம் எழுத்தாளர் கோசினி. ஆஸ்டெரிக்ஸ் என்ற படக்கதையை 1959-இல் ஓவியர் உதெர்சோவோடு சேர்ந்து உருவாக்கியவரும் இவரே. 1955 முதல் லக்கி லூக்குக்குக் கதை எழுதினார். 1977-இல் 51 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த கதைகளிலும் குதிரை ஜாலி ஜம்பர் எஜமானரை நக்கலடிக்கிறது, டால்டன்கள் ஜெயிலிலிருந்து தப்பிக்கிறார்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் ஒரு ஆள் பேசாமல் நின்று, அடுத்த கட்டத்தில் மட்டும் வாய் திறக்கும் அந்த இடைவெளியை கோசினிக்கு நிகராக வேறு யாரும் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. பழைய ஆல்பம் எது, புதியது எது என்று அட்டையைப் பார்க்காமலே சொல்லக்கூடிய ரசிகர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை காந்தி வீதிப் பக்கம் வந்து அவர்களோடு வாதாடிப் பார்க்கலாம்.

வணக்கம்.