எட்டு முறை ரஷ்யச் சாம்பியன்

வணக்கம் நேயர்களே. ரஷ்யச் சதுரங்கம் என்றதும் கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவோம். மூவரும் உலகச் சாம்பியன்கள். நான் பேச வந்திருப்பது உலகப் பட்டம் கிட்டாத பீட்டர் ஸ்விட்லரைப் பற்றி. பட்டம் இல்லை என்பதற்காக இவரை இரண்டாம் வரிசையில் உட்காரவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1976-இல் லெனின்கிராடில் பிறந்தவர். 18 வயதில் ரஷ்யச் சாம்பியன். எட்டாவது பட்டம் 2017-இல், அதுவும் சொந்த ஊரில். கிராண்ட்மாஸ்டர்கள் மலிந்து கிடக்கும் நாட்டில் எட்டு முறை! 2005-இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் டோபலோவ் முதலிடம். அடுத்த இடத்தில் நம் ஆனந்தும் இவரும் சமபுள்ளிகளோடு நின்றார்கள்.

அஜர்பைஜானின் பாக்கு நகரில் 2015-இல் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. எதிராளி செர்கேய் கர்யாகின். மொத்தம் நான்கு ஆட்டங்கள். முதல் இரண்டையும் ஸ்விட்லர் வென்றுவிட்டார். இனி ஒரு டிரா போதும். கேட்கிறீர்களா, ஒரே ஒரு டிரா! மூன்றாவது ஆட்டத்தில் அவருக்கு வெள்ளைக் காய்கள். ஆட்டமும் அவர் பக்கமே சாய்ந்திருந்தது. அங்கே ஒரு நகர்த்தலில் கோட்டை விட்டார். நான்காவதும் போயிற்று. இரண்டுக்கு இரண்டு என்ற சமநிலையை உடைக்க அதிவேக ஆட்டங்கள்: முதல் நான்கில் ஆளுக்கு இரண்டு. கடைசி இரண்டையும் கர்யாகின் எடுத்துக்கொண்டார். ஆறுக்கு நான்கு. ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்றுகூட டிரா இல்லை. ஒரு டிராவுக்காகக் காத்திருந்தவருக்கு அது மட்டும் வரவே இல்லை.

இவ்வளவு அடிபட்ட ஒருவர் மற்றவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். நேர்முக வர்ணனையில் எந்த ஆட்டக்காரரையும் அவர் ஏளனம் செய்வதில்லை. தவறான நகர்த்தல் வந்தால், அது ஏன் சரியாகத் தோன்றியிருக்கும் என்று முதலில் சொல்வார். பிறகுதான் அதில் உள்ள ஓட்டை. இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு மின்னல் வேக ஆட்டம் ஆடும்போதும் அப்படித்தான். மனத்தில் ஓடுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடுவார். குதிரையை ஏன் நகர்த்துகிறார், எதைக் கண்டு அஞ்சுகிறார், எல்லாம் நமக்குக் கேட்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு ‘இது பிழை’ என்று யாரும் சொல்லலாம். மனிதன் ஏன் பிழை செய்கிறான் என்று சொல்ல, பாக்குவில் தோற்றவர் வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இன்னொன்று, மனிதர் தீவிரக் கிரிக்கெட் ரசிகர். ரஷ்யாவில் பிறந்து வளர்ந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இரண்டு செய்திகள் பாக்கி. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை நிறுத்தக் கோரி 44 ரஷ்ய ஆட்டக்காரர்கள் தங்கள் அதிபருக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதில் ஸ்விட்லர் கையெழுத்திட்டார். பாக்குவில் வென்ற கர்யாகின் போரை ஆதரித்துப் பேசி, ஆறு மாதத் தடை பெற்றார். பிறகு ஸ்விட்லர் ரஷ்யக் கொடியை விட்டு, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் கொடியின் கீழ் ஆடத் தொடங்கினார். 2024-இல், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டிக்கு நம் பிரக்ஞானந்தா போனபோது, உடனிருந்து ஆட்டங்களுக்குத் தயார்படுத்தியவர் இவர்தான். நன்றி, வணக்கம்.