"இன்றைக்கு என்ன தருவீங்க?": பிள்ளையோடு ஓடப் போகும் ஒரு அப்பாவின் கேள்வி

அடுத்த கேள்வி ஒரு அப்பா அனுப்பியது. அப்படியே படிக்கிறேன். "என் மகனுக்கு 5 வயது. நான் தினமும் காலையில் ஓடப் போவேன். அவனையும் பழக்க ஆசைப்பட்டு, ஒரு சுற்று ஓடினால் ஒரு சாக்லேட் என்று சொன்னேன். முதல் வாரம் ஜோராக ஓடினான். இப்போது ஷூவைக் கையில் எடுத்தாலே 'இன்றைக்கு என்ன தருவீங்க' என்கிறான். நேற்று ஒரு சுற்றுக்கு இரண்டு சாக்லேட் கேட்டான். பரிசு கொடுப்பதே தப்பா? வேறு எப்படித்தான் ஆசை காட்டுவது?"

முதலில், பையன் கெட்டிக்காரன். ஓட்டம் உங்களுக்குத்தான் தேவை, தனக்கில்லை என்று கண்டுபிடித்துவிட்டான். தேவைப்படுகிறவரிடம் விலையை ஏற்றத்தானே செய்வார்கள்?

பரிசு கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடித்துக் கொடுத்தால் அதற்குக் கூலி என்று பெயர். கூலி என்று வந்துவிட்டால் ஒன்று ஏற்றிக் கேட்பார்கள், இல்லை கூலிக்கு மாரடிப்பார்கள். உங்கள் மகன் இப்போது முதல் கட்டத்தில் இருக்கிறான்.

இதை ரொம்ப அழகாகக் காட்டிய ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்டது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள், அதிலும் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தால் தானாகவே உட்கார்ந்து வரைகிற பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் "படம் வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முதலிலேயே சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை, வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா பரப்பி வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து கவனித்தார்கள். முன்கூட்டியே பேசி வைத்து வாங்கிய பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவே இல்லை. சான்றிதழ் ஒன்றுதான். பேரம் நடந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்தது, அதைக் கவனியுங்கள். சுத்தமாகப் பிடிக்காத வேலைக்கு ஒரு சின்னப் பரிசைக் காட்டித் தொடங்கி வைப்பது வேறு விஷயம், அதில் கெடுவதற்கு ஆசை ஒன்றும் இருக்காது. ஆனால் 5 வயதுப் பிள்ளைக்கு ஓடப் பிடிக்காதா என்ன? வாசல் மணி அடித்தால் நடந்தா போகிறான்?

அவனுக்குப் பிடிக்காதது நீங்கள் ஓடுகிற ஓட்டம். நாம் ஒரே வேகத்தில், ஒரே பாதையில், நிற்காமல் ஓடுவதைத்தான் ஓட்டம் என்று சொல்கிறோம். பிள்ளைகள் உடம்பு அப்படி இயங்குவதில்லை. 1995இல் வந்த ஒரு ஆய்வில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விளையாட விட்டு, சில விநாடிக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் முழு வேகத்தில் இயங்கியது பெரும்பாலும் ஒரு தடவைக்கு 3 விநாடி அளவுதான். 15 விநாடியைத் தாண்டியது அபூர்வம். பாய்வது, நிற்பது, எறும்பைப் பார்ப்பது, திரும்பப் பாய்வது. வேடிக்கை என்னவென்றால், 1930களில் ஸ்வீடனில் யோஸ்டா ஹோல்மேர் என்ற பயிற்சியாளர் கிட்டத்தட்ட இதையே பெரியவர்களுக்குப் பயிற்சியாகக் கொண்டுவந்தார். மனம் போனபடி வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது. ஃபார்ட்லெக் என்று பெயர் வைத்தார், வேக விளையாட்டு என்று அர்த்தம்.

அதனால் பரிசைச் சுற்று முடிகிற இடத்தில் வைக்காதீர்கள். ஓட்டத்துக்குள்ளேயே ஒளித்து வையுங்கள்.

என் மகளுக்கு 4 வயதில் நாங்கள் ஆடியது வால் விளையாட்டு. ஒரு பழைய துண்டை அவள் இடுப்பில் பின்பக்கமாகச் செருகிவிடுவேன், முழங்கால் வரை தொங்கும். அதுதான் வால். நான் பிடுங்க வேண்டும், அவள் தப்பிக்க வேண்டும். பிடுங்கிவிட்டால் வால் எனக்கு, அவள் துரத்த வேண்டும். நாலடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும், சிரித்துக்கொண்டே ஓடுவதால் நேராக ஓடவே மாட்டாள். நான் வேண்டுமென்றே புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவேன். நாலு தடவையில் மூன்று தடவை அவள்தான் ஜெயிக்க வேண்டும், அது என் கணக்கு. எல்லாத் தடவையும் விட்டுக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள், சண்டைக்கு வருவாள்.

இன்னொன்று டப்பா. ஓடப் போகிற இடத்திலிருந்து ஒரே ஒரு பொருள் எடுத்து வரலாம். கூழாங்கல், இறகு, காய்ந்த விதை, எதுவானாலும் சரி. வீட்டில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்போம். சாயங்காலம் தரையில் கொட்டி, "இது கோணல் மரம் வரைக்கும் போன அன்றைக்கு எடுத்தது, இது நாய் துரத்திய அன்றைக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். பாதி கட்டுக்கதை. நாய் துரத்தவே இல்லை, அது பாட்டுக்குப் படுத்திருந்தது.

இதை நானே கெடுத்தேன். டப்பா நன்றாகப் போகிறதே என்று, 10 கல் சேர்ந்தால் ஒரு பொம்மை என்று வாயைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் இறங்கிய இடத்திலேயே குனிந்து ஒரு பிடி கல்லை அள்ளினாள். "பத்து ஆச்சு, வீட்டுக்குப் போகலாம்." பொம்மை வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் டப்பா பக்கம் போக அவளுக்கு ஒரு மாதம் ஆனது.

வேறு சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய இருக்கின்றன. இன்றைக்கு எந்தப் பாதை என்று அவன் சொல்லட்டும், அவன்தான் கேப்டன். ஒரு மரத்தடியிலிருந்து ஓர் இலையை எடுத்து அடுத்த மரத்துக்குத் தபால் கொண்டு போகட்டும். எப்போதாவது, சொல்லாமல் கொள்ளாமல், வந்ததும் கையில் ஒரு ஸ்டாம்ப் குத்துங்கள் அல்லது ஷூவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எதிர்பாராததுதான் வேலை செய்யும், தினமும் குத்தினால் அதுவும் கூலியாகிவிடும். தின்பண்டத்தை மட்டும் இதில் கலக்காதீர்கள். பாராட்டும்போது "சூப்பர், சூப்பர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அந்த மேட்டில் இன்றைக்கு நிற்காமல் ஏறினாயே, பார்த்தேன்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

எவ்வளவு ஓடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 5 வயதிலிருந்து 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஒரே மூச்சில் வர வேண்டியதில்லை, ஓடிப்பிடித்து விளையாடினால் அதுவும் கணக்கில் சேரும். கிலோமீட்டர் கணக்கு 5 வயதுக்கு வேண்டாம். ஓடும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள், அது போதும். நொண்டினால், வலிக்கிறது என்றால், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை ஒப்புக்கொண்ட சாக்லேட் ஏதாவது பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள், கடனை வைத்துக்கொண்டு புது ஆட்டம் தொடங்காது. அப்புறம் ஒரு வாரம் காலையில் அவனைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். நீங்கள் மட்டும் போய் வாருங்கள். வந்ததும் வழியில் பார்த்த எதையாவது சொல்லுங்கள், அவ்வளவுதான். விளையாட்டைச் சாயங்காலத்தில், வேறு இடத்தில் தொடங்குங்கள். பழைய பாதையில் கால் வைத்தால் பழைய பேரம் ஞாபகம் வரும். "என்ன தருவீங்க" என்று கேட்பான், கட்டாயம் கேட்பான். விளக்கம் சொல்லி உபதேசம் பண்ணாமல், "முதல்ல வால் உனக்கா எனக்கா?" என்று துண்டை நீட்டுங்கள். இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருக்கட்டும், நீங்களே வாலைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் ஓடுங்கள். அவனோடு விளையாடுகிற நேரத்தை உங்கள் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள், உங்கள் கண் கடிகாரத்தில் இருந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்று கேட்க மறந்தேன். ஷூ சரியாக இருக்கிறதா? இந்த வயதில் சில மாதத்திலேயே கால் வளர்ந்துவிடும். கடிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் "வரமாட்டேன்" என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. அவனை நிற்க வைத்து, முன்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். விரல் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் ஷூவை மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது முழங்கால் வலி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.