டூட்டூவைக் கத்தரித்தது கால்தான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பாலே நடனக்காரர்கள் இடுப்பில் கட்டும் டூட்டூ பாவாடையைக் காலந்தோறும் மாற்றியது ஆடியவர் காலா, பார்த்தவர் கண்ணா என்பது தலைப்பு. நான் காலின் கட்சி.

எதிரணி அம்மா 19-ஆம் நூற்றாண்டில் பாலே ஆடப்பட்ட பாரிஸ் ஓபரா அரங்கத்துக்கே நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பணக்காரச் சந்தாதாரர்கள் மேடைக்குப் பின்னால் இருந்த கூடம் வரை வந்து நடனப் பெண்களைப் பார்த்தார்கள், அவர்கள் கண்ணுக்காகத்தான் பாவாடை குட்டையானது என்றார். வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஓவியர் தெகாவின் படங்களில் கறுப்புத் தொப்பியோடு ஓரமாக நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அம்மா, அவர்கள் கையில் கத்தரிக்கோல் இருந்ததா?

அதற்கும் நூறு வருஷம் முன்னால், அதே பாரிஸ் ஓபராவில் மரி கமார்கோ ஆடினார். அப்போது பெண்களுக்குத் தரையைத் தொடும் பாவாடை. துள்ளி எழுந்து, காற்றிலேயே இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றிப் பின்னும் வித்தை ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலம். கமார்கோ அதைக் கற்றுக்கொண்டார். கற்று என்ன பயன்? பாவாடைக்குள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்? விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். அவர் காட்ட விரும்பியது காலை அல்ல, கால் செய்த வேலையை.

1832-இல் 'லா சில்ஃபீட்' என்ற பாலே. மரி தாலியோனி நுனிக்காலில் எழுந்து, தரையில் பட்டும் படாமலும் ஆடினார். அந்த ஆட்டத்துக்குத்தான் கெண்டைக்கால் வரை இறங்கும், மணி வடிவ வெள்ளைப் பாவாடை. சரி, இதுதான் டூட்டூ வம்சத்தின் மூத்த பாட்டி.

இங்கே எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தே ஆக வேண்டும். தாலியோனியின் சீடர் எம்மா லிவ்ரி. எரிவாயு விளக்குகளின் காலம் அது. தீப்பிடிக்காதபடி மருந்தில் நனைத்த துணியைத் தந்தபோது, அவர் வேண்டாம் என்றார். மருந்து ஏறிய துணி மங்கிப்போகும், விறைத்தும் போகும். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையின்போது பாவாடை தீப்பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 20 வயதில் இறந்தார். மங்கும் என்பது கண்ணின் கவலை, ஒப்புக்கொள்கிறேன். விறைக்கும் என்பது யாருடைய கவலை? அந்தப் பாதியை எனக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் இத்தாலியப் பெண்கள் வந்தார்கள். 1885-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போன வர்ஜீனியா சூக்கி, அங்கிருந்த நீளப் பாவாடை எனக்கு ஆகாது என்று குட்டையானதைத்தான் அணிந்தார். பத்து வருஷம் கழித்து அதே ஊரில், 'ஸ்வான் லேக்' நாடகத்தில் பியரினா லென்யானி ஒற்றைக் கால் நுனியில் நின்று, மறுகாலை வீசி வீசி 32 சுற்றுச் சுற்றினார். தாலியோனியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு அதைச் செய்து பாருங்கள். மூன்றாவது சுற்றிலேயே துணி காலோடு சண்டைக்கு வரும்!

இனி என் பெரிய சாட்சி, ஒரு தையற்காரம்மா. பெயர் கரின்ஸ்கா. 20-ஆம் நூற்றாண்டில் டூட்டூ இடுப்பிலிருந்து தட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி, கீழே போகப் போக அகலம் குறையும். எல்லாம் உள்ளாடையோடு சேர்த்துச் சுருக்கித் தைத்தது. தொங்காமல் இருக்க நடுவே ஒரு கம்பி வளையம். தனியாக ஆடுபவருக்கு அது போதும். ஆனால் நடன அமைப்பாளர் பாலன்சீனின் 'சிம்ஃபனி இன் சி' நடனத்தின் கடைசிப் பகுதியில் ஏறக்குறைய ஐம்பது பேர் மேடையில் நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவர் உரசினால் போதும், தாம்பாளத்தின் ஒரு விளிம்பை அழுத்தியது போல மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். 1950-இல் கரின்ஸ்கா வளையத்தையே எடுத்தெறிந்தார். குட்டை அடுக்குகளை ஒன்றையொன்று தாங்கும்படி, இடையிடையே தளர்வாகக் கையால் தைத்து நிறுத்தினார். பஞ்சுபோல இருக்கும், உரசினாலும் கவிழாது. எந்தச் சந்தாதாரர் மனுப் போட்டுக் கேட்டார் இதை? அடுத்த வருஷமே பாலன்சீன் 'ஃபோர் டெம்பரமென்ட்ஸ்' நடனத்தின் ஆடம்பர உடைகளைக் கழற்றிவிட்டு, ஒத்திகை உடையிலேயே ஆடவைத்தார். கால் முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் பாவாடையே வேண்டாம்!

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். 1841-இல் அரங்கேறிய 'ஜிசெல்' பாலே இன்றும் ஆடப்படுகிறது. அதன் இரண்டாம் அங்கத்தில் ஆவிப்பெண்களின் பாவாடை இன்றும் நீளம்தான். ஏனென்றால் அது தாவி மிதக்கும் ஆட்டம்; ஆடுபவர் தரைக்கு வந்த பிறகும் துணி ஒரு கணம் மேலேயே தங்கும். அதே அரங்கம், அதே சீட்டு, அதே கண்கள் அடுத்த வாரம் 'ஸ்வான் லேக்' பார்க்கின்றன, அங்கே பாவாடை குட்டை. கண்தான் எஜமான் என்றால் ஜிசெலின் பாவாடை ஏன் இன்னும் குறையவில்லை? எனக்குப் பின்னால் வரும் எதிரணி ஐயா இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.